மணல் ஈயை எங்கே தேடுவது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுற்றுலா இடங்களில் நோய் பரப்பும் மணல் ஈக்களைக் கணக்கெடுப்பது பற்றிப் போன இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல விஷயம்தான், ஆனால் கூடவே போட்டிருந்த படம் கடற்கரை! பெயரில் மணல் இருக்கிறதே என்று போட்டுவிட்டீர்கள் போல. கடற்கரையில் கடிப்பது பெரும்பாலும் வேறொரு குட்டிப் பூச்சி. மணல் ஈ ஒளிந்திருப்பது பழைய கற்சுவர் விரிசலில், மாட்டுக் கொட்டிலில், எலி வளையில். ஈரமும் மக்கிய சருகும் உள்ள மண்ணில்தான் முட்டையிடும், அதனால் கொசுவுக்குச் செய்வதுபோல் தேங்கிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போனால் இதற்கு ஒன்றும் ஆகாது. சிதைந்த கோட்டை, குகை, காட்டோரக் கூடாரம் என்று பயணிகள் ஆசையாகப் போய்த் தங்கும் இடங்கள் இதற்கும் தோதானவை.

நான் பூச்சி ஆய்வில் களப்பணியாளராக இருந்தவன். சாயங்காலம் ஆமணக்கெண்ணெய் தடவிய தாளை விரிசல் பக்கத்தில் வைத்துவிட்டு விடிந்ததும் எடுப்போம். ஒட்டியிருப்பது 2, 3 மில்லிமீட்டர் நீளத்தில் ரோமம் நிறைந்த ஒரு தூசி, அவ்வளவுதான். அதைத் தூரிகை நுனியால் எடுத்துக் கழுவி, தலையையும் வால் நுனியையும் தனியாகப் பிரித்து நுண்ணோக்கியில் வைத்தால்தான் எந்த இனம் என்று தெரியும். பெண் ஈ என்றால் (கடிப்பதும் அதுதான்) வயிற்றுக்குள் விந்தைச் சேமித்து வைக்கும் பையின் வடிவம்வரை பார்க்க வேண்டும், கண் போய்விடும். இனங்கள் ஆயிரத்துக்குப் பக்கம் இருந்தாலும் நோய்க்குக் காரணமான லீஷ்மேனியா என்ற ஒட்டுண்ணியைக் கடத்துவது நூறை ஒட்டித்தான். அப்படியிருக்க, 'இத்தனை ஈ பிடித்தோம்' என்று எண்ணிக்கையை மட்டும் சொல்வதில் என்ன இருக்கிறது?

கட்டுரையில் 'அங்கே நோயாளிகள் யாரும் பதிவாகவில்லை' என்று ஆறுதலாக ஒரு வரி இருந்தது, எனக்கு அதுதான் உறுத்தியது. கடி வாங்கியவர் ஊருக்குத் திரும்பிச் சில வாரமோ மாதமோ கழித்துத்தான் தோலில் ஆறாத புண் வரும், உள்ளுறுப்புகளைத் தாக்கும் காலா அசார் வகை என்றால் பெரும்பாலும் 2 முதல் 6 மாதம் ஆகும். அதற்குள் போன இடமே அவருக்கு மறந்திருக்கும், டாக்டரும் பயணத்தைப் பற்றிக் கேட்கமாட்டார், சுற்றுலா ஊரின் மருத்துவமனை ஏட்டில் பூஜ்யம்தான் இருக்கும். ஸ்பெயினில் மாட்ரிட் பக்கத்து ஃபுவென்லப்ராதாவில் 2009இல் தொடங்கி நூற்றுக்கணக்கானவர்களுக்கு இந்த நோய் வந்தது. தேடிப் பார்த்தால் பக்கத்துப் பசுமைப் பூங்காவில் பெருகியிருந்த முயல்களிடம் ஒட்டுண்ணி. பாதிக்கப்பட்டவர்கள் உள்ளூர்க்காரர்கள், அதனால் கண்டுபிடித்தார்கள். வந்து போகிறவர்களாக இருந்திருந்தால்?

அப்புறம், இது தத்தித் தத்திப் பறக்கும் பூச்சி, அதிக தூரம் போகாது. ஊர் நடுவில் பொறி வைத்துவிட்டு விடுதிக்கும் சேர்த்து முடிவு சொல்வது சரியில்லை. பயணிகள் இரவில் படுக்கும் இடத்திலேயே வைக்க வேண்டும். சாதாரணக் கொசுவலையின் ஓட்டை வழியாகவும் இது நுழைந்துவிடும் என்பதையும் யாராவது அவர்களுக்குச் சொன்னால் தேவலை.

எந்த இனம், எந்த மாதம், எந்த இடத்தில் வைத்த பொறி என்று அந்த ஆய்வாளர்களிடம் கேட்டு வாங்கி அடுத்த இதழில் போட முடியுமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர்