ஏழாவது தீர்மானத்துக்கு நான் உயர்த்திய கை

அயனாவரத்தில் எங்கள் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் ஆறு தீர்மானங்களை முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. கழிவுநீர் அடைப்புக்கு மட்டும் அரை மணி நேரம். ஏழாவது தீர்மானம் நான்கு நிமிடத்தில் நிறைவேறியது. தரைத்தளத்தில் குடித்துவிட்டு இரவில் கத்துகிறவர், மாடியில் தனக்குத்தானே பேசிக்கொண்டு பாத்திரங்களைத் தெருவில் எறிகிற பெண், இந்த இரண்டு குடும்பங்களையும் காலி செய்யச் சொல்லி வீட்டு உரிமையாளர்களுக்குக் கடிதம். காவல் நிலையத்துக்கு ஒரு நகல். ஆட்சேபணை உண்டா என்று செயலாளர் கேட்டபோது பாதிப் பேர் காபிக்கு எழுந்துவிட்டார்கள். ஆதரித்துக் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருத்தி. அந்தக் கையை இறக்கத்தான் இந்த மடல். எல்லோரும் பார்க்க உயர்த்தியதை எல்லோரும் பார்க்கவே இறக்குகிறேன்.

புகார்கள் பொய்யல்ல. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையின் ஜன்னலுக்கு நேரே இரவு பதினொரு மணிக்கு ஒருவர் நின்று கெட்ட வார்த்தை பேசினால் யாருக்கும் கோபம் வரும். எவர்சில்வர் தட்டு தன் தலையில் விழுந்திருந்தால் என்ன ஆவது என்று பால்காரர் கேட்டதும் நியாயம்தான். தரைத்தள வீட்டில் மனைவியை அடிக்கும் சத்தம் கேட்டால் பொறுத்துப்போகச் சொல்லும் ஆள் நான் இல்லை. அந்த நிமிடமே 181-க்கோ 112-க்கோ அழைக்க வேண்டும். என் வருத்தம் வேறு. இத்தனை நாள் அந்த வீடுகளைப் பற்றிப் பேசினோமே தவிர, ஒருவராவது வாசலேறிப் போகவில்லை.

திங்கட்கிழமை மாலை நான் மாடி வீட்டுக்குப் போனேன். “நான்கு வருடமாக இந்த அழைப்பு மணியைக் கூரியர்காரர் மட்டும்தான் அடிக்கிறார்” என்றார் அந்தப் பெண்ணின் தாயார். அவர் சம்மதத்தோடு எழுதுகிறேன்: தட்டில் யாரோ விஷம் வைத்திருக்கிறார்கள் என்று மகளுக்குக் காதில் ஒரு குரல் கேட்கிறது. அம்மா அந்தத் தட்டில் சாப்பிட்டுவிடக் கூடாதே என்று ஜன்னல் வழியாக வீசுகிறாள். நாம் வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டது, ஒரு மகள் தன் தாயைக் காப்பாற்ற முயல்வதை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் ஏறி நம் அடுப்புகள் அணைந்த அன்று, ஆறு குடும்பங்களுக்குச் சோறு வடித்துக் கொடுத்தவர் இந்தத் தாயார்தான். நானும் சாப்பிட்டேன். செயலாளர் வீட்டிலும் சாப்பிட்டார்கள்.

துக்கத்துக்கு அழைக்காமலே போக வேண்டும் என்பது நம் வழக்கம். பொருளாளர் இதய அறுவை சிகிச்சை முடிந்து வந்தபோது அவர் வீட்டு மேசையில் ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்கு இடம் போதவில்லை. டெங்கு என்றால் சாத்துக்குடியோடு போகிறோம். இந்த இரண்டு நோய்களுக்கு மட்டும் சாத்துக்குடி கிடையாது.

இதை நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்; முப்பது வருடமாகத் தெருவில் யாருக்கும் சொல்லாதது. என் தம்பிக்கு இருபத்திரண்டு வயதில் மனச்சிதைவு நோய் வந்தது. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார் என்றான். அம்மா ரேடியோவைப் பரணில் போட்டுத் துணி சுற்றி வைத்தார். அப்போதும் கேட்கிறது என்றான். உறவினர்கள் வருவதை நிறுத்தினார்கள், கல்யாணப் பத்திரிகைகள் தபாலில் வந்தன. அன்று நாங்கள் இருந்த தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் மட்டும், “தம்பி, சும்மாதானே இருக்கிறாய், வந்து பொட்டலம் கட்டு” என்று கூப்பிட்டார். மேலே தொங்கும் நூல்கண்டிலிருந்து நூலை இழுத்துக் கால்கிலோ சர்க்கரையைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். மருந்தினால் கை நடுங்கும். முடிச்சு தளர்ந்தே விழும். அண்ணாச்சி அவிழ்த்துத் திரும்பக் கட்டியதே இல்லை. வாங்குகிறவரிடம், “அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு போங்கள்” என்பார். மாதம் ஒரு ஊசி போட வேண்டும். அதற்குத் தன் டிவிஎஸ் 50-இல் ஏற்றிக்கொண்டு போனவரும் அவர்தான். தம்பி பிறகு பல வருடம் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்தான். மருந்து பாதி, அண்ணாச்சி பாதி என்பது என் கணக்கு, மருத்துவர்கள் மன்னிக்கட்டும்.

அந்த ஊசி போட்ட அரசு மனநல மருத்துவமனை நம் தெருவிலிருந்து நடக்கிற தூரம், கீழ்ப்பாக்கம் மேடவாக்கம் டேங்க் சாலையில். 1794-இல் தொடங்கி, 1871-லிருந்து இந்த இடத்தில் இருக்கிறது. நாட்டின் முதல் பெண் மனநல மருத்துவரான சாரதா மேனன் 1961 முதல் 1978 வரை அதற்குத் தலைமை வகித்தார்; பிறகு 1984-இல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக அண்ணா நகர் ஸ்கார்ஃப் அமைப்பு உருவாகவும் அவரே காரணம். ‘கீழ்ப்பாக்கம் கேஸ்’ என்ற வசவு தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் புரியும். அங்கே புறநோயாளிப் பிரிவு உண்டு, மருந்துக்குக் காசு வேண்டாம் என்பதுதான் பக்கத்துத் தெருவில் இருக்கும் நமக்கே மறந்துபோகிறது.

தரைத்தள வீட்டு விஷயத்தில் நாம் தலையிட்டதே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆவணி மாதம் நம்மில் சிலர் அவர் மனைவிக்கு யோசனை சொன்னோம்: ஒரு வாரம் அறையில் போட்டுப் பூட்டினால் தானாக மறந்துவிடுவான். இரண்டாம் நாள் அவருக்கு வலிப்பு வந்தது. மூன்றாம் நாள் சுவரில் பூச்சி ஊர்கிறது என்று வெறும் கையால் தட்டிக்கொண்டே இருந்தார். 108 வந்ததால் பிழைத்தார். வருடக்கணக்கில் தினமும் குடித்த உடம்பில் மதுவைச் சட்டென்று நிறுத்தினால் உயிரே போகலாம். மருத்துவர் மேற்பார்வையில், மாத்திரை கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும். நம் மின்கம்பத்தில் ஒட்டியிருக்கிற ‘குடிப்பவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தலாம்’ நோட்டீஸும் லேசானதல்ல. இப்படிக் கொடுக்கப்படும் பொடியில் என்ன இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? டைசல்ஃபிராம் என்ற மருந்தானால், அதைச் சாப்பிட்டது தெரியாமல் ஒருவர் குடித்தால் வாந்தி, நெஞ்சுப் படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவது என்று போய் மரணத்திலும் முடியலாம். அந்த நோட்டீஸைச் சங்கச் செலவில் முதலில் கிழித்துப் போடுங்கள்.

முறையான வழி இந்த ஊரிலேயே இருக்கிறது. 1980-இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை அடையாறு இந்திரா நகரில் இருக்கிறது. அங்கே ‘குடிகாரன்’ என்று சொல்வதில்லை, குடிநோயாளி. அவரோடு மனைவியையும் உட்கார வைத்துப் பேசுகிறார்கள். போதை மீட்புக்கு 14446, மன நலத்துக்கு 14416 என்று கட்டணமில்லா எண்கள் இருக்கின்றன. நம் அறிவிப்புப் பலகையில் தண்ணீர் லாரி எண்ணுக்குக் கீழே இரண்டையும் எழுத ஒரு சாக்பீஸ் போதும்.

காவல் நிலையத்துக்கு அனுப்பும் நகலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 100-ஆம் பிரிவு: மனநோயோடு திரிபவரைக் காவலர் பாதுகாப்பில் எடுத்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும், லாக்கப்பில் வைக்கவே கூடாது. ஆய்வாளர் நம் கடிதத்தைப் படித்தாலும் மேடவாக்கம் டேங்க் சாலைக்குத்தான் வழி காட்ட வேண்டியிருக்கும். வீட்டைக் காலி செய்ய வைத்தால் அவர்கள் வில்லிவாக்கத்துக்குப் போவார்கள், அங்கே ஒரு சங்கம் தன் எட்டாவது தீர்மானத்தைப் போடும். சங்கிலி போட்டுக் கட்டிவைக்கலாமே என்று கூட்டத்தில் வேடிக்கையாகச் சொன்னவருக்கு: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்த காப்பகம் தீப்பிடித்தபோது அவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இன்றைய சட்டம் சங்கிலியை எந்த வடிவத்திலும் தடுக்கிறது.

கடிதங்கள் இன்னும் தபாலில் சேரவில்லை என்று கேள்விப்பட்டேன். தயவுசெய்து அனுப்பாதீர்கள். அந்த இரண்டு வீடியோக்களையும் குழுவிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மானத்தைத் திரும்பப் பெறும் முன்மொழிவை நான் வைக்கிறேன், வழிமொழிய ஒருவர் வேண்டும்.

புதன்கிழமை காலை அந்தத் தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு புறநோயாளிப் பிரிவுக்குப் போவதாக இருக்கிறேன். நடக்கிற தூரம்தான், ஆனால் தெருவே பார்க்கும் என்று அவள் பயப்படுவதால் ஆட்டோ. ஏறுவாளா என்பது அன்று காலையில்தான் தெரியும். ஏறாவிட்டால் அடுத்த புதன். சீட்டு வரிசையில் நிற்க இன்னொருவர் வந்தால் தாயார் மகளின் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். ஆட்டோவில் மூன்று பேருக்குத்தான் இடம். செயலாளர் சார், உங்களிடம் ஸ்கூட்டர் இருக்கிறது. ஏழரை மணி, முனை டீக்கடை.

இப்படிக்கு,
தெருவின் கடைசி வீட்டுக்காரி