ஜென்பிளெசைட் என்று அனுப்பிய கல்லில் வெள்ளீயமே இல்லை: பணத்தைத் திருப்பித் தரவும் பட்டியலைத் திருத்தவும் வேண்டி

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பொறுப்பாளர் அவர்கள்

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் பட்டியலைப் பார்த்து நான் வாங்கிய ஜென்பிளெசைட் (வெள்ளீயம் உள்ள ஓர் அரிய சல்பேட் கனிமம்) மாதிரி சென்ற மாதம் கைக்கு வந்தது. அது ஜென்பிளெசைட் இல்லை, கால்சைட் என்ற சாதாரண கால்சியம் கார்பனேட் கனிமம். சோதித்துப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

ஃப்ளைஷரைட் குடும்பத்துக் கனிமங்களைப் பல வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்து வருகிறேன். நமீபியாவின் சுமெப் சுரங்கத்து ஃப்ளைஷரைட்டில் ஈயமும் ஜெர்மானியமும் இருக்கும். அதே சுரங்கத்து ஷௌர்ட்டைட்டில் ஈயத்துக்குப் பதில் கால்சியம். மொராக்கோவில் முதலில் கண்டெடுத்த டெஸ்பூஜோல்சைட்டில் கால்சியமும் மாங்கனீசும். இந்த மூன்றும் என்னிடம் உண்டு. ஆறு ஹைட்ராக்சில்கள் (OH தொகுதிகள்) சூழ, ஜெர்மானியமோ மாங்கனீசோ உட்காரும் அந்த இடத்தில் வெள்ளீயம் உட்கார்ந்தால் அதுதான் ஜென்பிளெசைட். வெள்ளீயம் பெரும்பாலும் கேசிட்டரைட் என்ற ஆக்சைடாகக் கிடைக்கும், கொஞ்சம் சல்பைடாகவும் கிடைக்கும். சல்பேட்டாக இயற்கையில் கிடைத்தது இந்தக் கனிமத்தில்தான் முதல் முறை. ரஷ்யாவில் நோரில்ஸ்க் பக்கத்துச் சுரங்கத்தில் கிடைத்த இதன் முழு விவரம் 2018-இல்தான் அச்சில் வந்தது. இப்படி ஒன்று விற்பனைக்கு வந்ததும் நான் எவ்வளவு மகிழ்ந்திருப்பேன் என்று நினைத்துப் பாருங்கள்.

பெட்டியைத் திறந்து லென்ஸில் பார்த்தேன். நிறமில்லாத, ஆறு பக்கப் பட்டகம். ஆனால் இவ்வளவு அரிய கனிமம் விரல் நக அகலத்துக்கு வளர்ந்திருந்ததே முதல் உறுத்தல். ஓரத்தில் ஏற்கெனவே உடைந்திருந்த துண்டை எடுத்துப் பார்த்தால், சாய்ந்த செங்கல் போல மூன்று திசையிலும் வழவழப்பாகப் பிளந்திருந்தது. பென்சில் கோட்டின் மேல் வைத்தேன், கோடு இரண்டாகத் தெரிந்தது. இரண்டுமே கால்சைட்டின் அடையாளங்கள். அப்புறம் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு விட்டேன். அந்த நொடியே நுரைத்துப் பொங்கியது. சல்பேட் இப்படிப் பொங்காது, பொங்குவது கார்பனேட்.

இதை முன்பே எழுதித் தெரிவித்தபோது உங்கள் அலுவலகம் இரண்டு பதில் தந்தது. "படிகம் அறுகோணமாகத்தானே இருக்கிறது" என்பது ஒன்று. கால்சைட்டும் ஆறு பக்கப் பட்டகமாகத் தாராளமாக வளரும், ஆகவே பக்கத்தை எண்ணிப் பெயர் வைக்க முடியாது. இரண்டாவதாக, எந்தத் தனிமம் இருக்கிறது என்பதை முகடுகளாகக் காட்டும் ஒரு எக்ஸ்ரே நிறமாலைப் படம் அனுப்பி, மென்பொருளே வெள்ளீயம் என்று குறித்திருப்பதைக் காட்டினீர்கள். தவறு நடந்த இடம் இதுதான் என்று நினைக்கிறேன். கால்சியத்தின் முதன்மை முகடு 3.69 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் வரும். வெள்ளீயத்தின் இரண்டாம் நிலை முகடு ஒன்று 3.66-இல், கிட்டத்தட்ட அதே இடத்தில் விழும். மென்பொருள் ஏமாறுவது இங்கேதான். வெள்ளீயம் உண்மையிலேயே இருந்தால் அதன் முதன்மை முகடு 3.44-இல் தனியாக எழும்ப வேண்டும். நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. கந்தகத்துக்கு உரிய 2.31-இலும் ஒன்றுமில்லை. கந்தகம் இல்லாத சல்பேட் ஏது? ஜென்பிளெசைட்டின் எடையில் கால்சியம், வெள்ளீயம் இரண்டுமே ஆளுக்குச் சுமார் 20 சதவீதம். ஐந்தில் ஒரு பங்கு ஒளிந்துகொள்ளாது.

லேபிளிலும் பிழை. வாய்பாட்டில் மூன்று நீர் மூலக்கூறுகள் விடுபட்டிருக்கின்றன. இந்த மாதிரி நாளை வேறு கைக்குப் போனால், வாங்குபவர் லேபிளைத்தான் நம்புவார். பணம் போனதைவிட எனக்கு இதுதான் அதிகம் வலிக்கிறது.

எனவே, முழுத் தொகையையும் திருப்பி அனுப்பும் செலவையும் தாருங்கள். இதே தொகுப்பிலிருந்து விற்ற மற்ற மாதிரிகளை வாங்கியவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். மீதியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மறுபடி சோதித்த பிறகே பெயர் போடுங்கள். கல்லையும் உடைந்த துண்டையும் உங்கள் லேபிளையும் மாற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன். திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியைச் சொன்னால் அனுப்பிவிடுகிறேன். பதினைந்து நாளுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர் அமைப்பில் முறையிடுவேன்.

உண்மையான ஜென்பிளெசைட் எப்போதாவது உங்களிடம் வந்தால், அது தூசி அளவே இருந்தாலும் சரி, சரியான நிறமாலையோடு எனக்குத் தெரிவியுங்கள். வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்