ஆண்டறிக்கை: நடந்ததும் நடக்காததும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொதுக்குழுவுக்கு முன்னால் செயலாளர் அறிக்கை தர வேண்டும் என்பது விதி. போன ஆண்டு அறிக்கை ரொம்பச் சுருக்கம் என்று சிலர் குறைபட்டார்கள். அதனால் இந்த முறை கொஞ்சம் நீளம். குறைபட்டவர்கள் கடைசி வரை படிப்பார்கள் என்று நம்புகிறேன்.

முதலில் வழக்கமானவை. செயற்குழு மாதந்தோறும் கூடியது, கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆள்வரவு) சேராத மாதங்களைத் தவிர. மாலை வகுப்புகள் ஆண்டு முழுவதும் நடந்தன. கணினிப் பயிற்சி நடந்தது, ஒரு கணினி பழுதாகி அப்படியே இருக்கிறது. விடுமுறை முகாம் நடந்தது. ஆண்டு விழா நடந்தது, விருந்தினர் தாமதமாக வந்தார்.

சரி, இனி மாணவர் மன்றம். இதைப் பற்றித்தான் கேள்விகளும் முணுமுணுப்புகளும் அதிகம் வந்தன, அதனால் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் சங்கம் தொடங்கிய நாளிலிருந்து 'வசதி வாய்ப்பு இல்லாத இளைஞர்களுக்குக் கல்வியும் தன்னம்பிக்கையும் தலைமைப் பண்பும்' என்று நோட்டீஸ் தவறாமல் அச்சடித்து வந்திருக்கிறோம். கல்வி சரி, வகுப்பு நடத்தினோம். தன்னம்பிக்கைக்கு என்ன செய்தோம்? யாரையாவது அழைத்துப் பேச வைத்தோம். அவர் 'உன்னால் முடியும்' என்பார், பிள்ளைகள் கை தட்டுவார்கள், படம் எடுத்துக்கொள்வோம், அடுத்த வாரம் அதே பிள்ளை வகுப்பில் ஒரு சந்தேகம் கேட்கக்கூட எழுந்திருக்காது. ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977-இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். ஒரு காரியம் தன்னால் ஆகும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருகிறது என்கிறார். தானே செய்து ஜெயித்துப் பார்ப்பது ஒன்று, அதுதான் எல்லாவற்றையும் விட வலுவானது. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது இரண்டாவது. பிறர் சொல்லி ஊக்குவிப்பது மூன்றாவது. படபடப்பு, வியர்வை மாதிரி உடம்பு காட்டுவதை நாம் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது நான்காவது. நாம் இத்தனை ஆண்டாக மூன்றாவதை மட்டும் விடாமல் செய்துகொண்டிருந்தோம்.

அதனால்தான் மன்றம். வார இறுதி அட்டவணை, நூலக அலமாரி, முகாமில் என்னென்ன நிகழ்ச்சி என்பது, அப்புறம் ஒரு சிறு தொகை, இவற்றை மாணவர்களிடமே விட்டோம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வேறொருவர் தலைமை, வேறொருவர் குறிப்பெழுதுவார், முடிவை மறுநாளே பலகையில் எழுத வேண்டும். பெரியவர்களில் ஒருவர் மட்டும் பின்னால் உட்கார்ந்திருப்பார், கேட்டாலொழிய வாய் திறக்கக் கூடாது. (இந்தக் கடைசி விதிதான் நம்மவர்களுக்குக் கடினமாக இருந்தது.)

முதல் சில கூட்டங்கள் தாங்க முடியாதவை. யாரும் பேசமாட்டார்கள், இல்லையென்றால் ஒரே பையன் பேசிக்கொண்டே இருப்பான். 'பார்த்தீர்களா, நான்தான் சொன்னேனே' என்று செயற்குழுவில் ஒருவர் சந்தோஷமாகவே சொன்னார். அவருக்கு ஹென்றி ராபர்ட்டின் கதையைச் சொன்னேன். அமெரிக்க ராணுவப் பொறியாளர். 1863-இல் ஒரு கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொல்லி உட்கார வைத்துவிட்டார்கள், எப்படி நடத்துவது என்று தெரியாமல் திண்டாடிப்போனார். அந்த அவமானம் தாங்காமல்தான் படிக்க ஆரம்பித்து, 1876-இல் கூட்ட நடைமுறை விதிகளைத் தொகுத்து வெளியிட்டார். இன்றும் எத்தனையோ சங்கங்கள் அந்த விதிகளை வைத்துத்தான் கூட்டம் நடத்துகின்றன. ராணுவ அதிகாரிக்கே அந்தக் கதி என்றால் பதினைந்து வயதுப் பிள்ளைகள் தடுமாறுவதில் என்ன இருக்கிறது? அந்த விதிகளில் ஒன்றை மட்டும் மன்றம் எடுத்துக்கொண்டது: இன்னும் பேசாதவர் பேச விரும்பினால், ஏற்கெனவே பேசியவரை விட அவருக்கே முன்னுரிமை. இது ஒன்றே போதுமாக இருந்தது. அந்த ஒரே பையன் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், இப்போது கூட்டத்தில் நேரம் பார்த்து மணியடிப்பது அவன்தான்.

வருகைப் பதிவில் பெயர் கூப்பிட்டாலே தலை குனிகிற ஒரு பெண், குறிப்பெழுதும் முறை வந்தபோது வேறு வழியில்லாமல் எழுதினாள். அடுத்த கூட்டத்தில் அதை வாசித்தாள். சில மாதம் கழித்து அதே பெண் செயற்குழுவுக்கே கடிதம் கொடுத்தாள்: மாலை வகுப்பு நேரத்தை மாற்றும் முன் எங்களை ஏன் கேட்கவில்லை, கடைசிப் பேருந்து கிடைக்காமல் சிலர் நின்றுவிட்டார்கள் என்று. இதைச் சிலர் மரியாதைக் குறைவு என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இதற்காகத்தானே நோட்டீஸ் அடித்தோம்? தங்களைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அது மதிக்கப்படவும் குழந்தைகளுக்கு உரிமை உண்டு என்று 1989-இல் ஐ.நா. ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. நேரம் பழையபடி மாற்றப்பட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். ரோஜர் ஹார்ட் என்பவர் 1992-இல் யுனிசெஃப்புக்காக எழுதியதில் பிள்ளைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாகக் காட்டினார். அடியில் இருக்கும் மூன்று படிகள், அதாவது பிள்ளைகளைக் கருவியாக்குவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பேருக்கு ஒருவரைச் சேர்ப்பது, பங்கேற்பே ஆகாது என்கிறார். முந்தைய ஆண்டு விழாக்களில் நாம் எழுதிக் கொடுத்த நன்றியுரையைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். அது எந்தப் படி என்பதை உறுப்பினர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

பணத்தைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா என்றும் கேட்டார்கள். மன்றத்தின் கணக்கு ரசீதுகளோடு வந்துவிட்டது. பெரியவர்கள் நடத்திய முகாமின் ரசீதுகள்தான் இன்னும் முழுதாக வரவில்லை.

அடுத்து வழிகாட்டிகள் விஷயம். இதை மென்மையாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை. ஆண்டு தொடக்கத்தில் நிறையப் பேர் வழிகாட்டியாகப் பெயர் கொடுத்தீர்கள், ஆளுக்கு ஒரு மாணவரைப் பொறுப்பில் எடுத்துக்கொண்டீர்கள், வாட்ஸ்அப் குழு முழுக்கப் படங்கள். மழைக்காலம் வந்தபோது பெரும்பாலோரைக் காணோம். சொல்லிவிட்டு நின்றவர்கள் சிலர். சொல்லாமலே நின்றவர்கள்தான் அதிகம். வேலை இருக்கிறது, புரிகிறது. வந்தவர்களுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் இது வராமல் இருந்தால் சும்மா ஒரு நன்மை குறைந்துபோகிற விஷயம் இல்லை. அமெரிக்காவில் இப்படி இளைஞர்களுக்கு வழிகாட்டிகளை இணைக்கும் ஒரு பெரிய திட்டத்தை வைத்து கிராஸ்மன், ரோட்ஸ் என்ற இருவர் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓராண்டோ அதற்கு மேலோ நீடித்த உறவுகளில்தான் பெரிய பலன். மூன்று மாதத்துக்குள் முறிந்தவற்றில் அந்தப் பிள்ளைகளின் சுயமதிப்பு முன்பிருந்ததை விடக் கீழே போயிருந்தது. பாதியில் விடுவதற்குப் பெயர் கொடுக்காமலே இருந்திருக்கலாம் என்று அர்த்தம். நம் மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: 'நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனா சார், அதான் அவர் வரலையா?' அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத விரும்பவில்லை, அது உறுப்பினர்களைக் காப்பாற்றச் சொன்ன பதில்.

அந்த இடங்களை யார் நிரப்பினார்கள் என்றால், வழக்கமாக வரும் அதே நாலு பேரும், நம்மிடம் படித்துவிட்டு வேலைக்குப் போன பழைய மாணவர்கள் சிலரும். பழைய மாணவர்கள் வருகிற நாளில் வகுப்பின் முகமே வேறு. தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது என்று பண்டூரா சொன்ன இரண்டாவது வழி இதுதான்.

சந்தா. நினைவூட்டல் அனுப்பினோம், மறுபடியும் அனுப்பினோம். காலை வணக்கப் படத்துக்கு ஒரே நிமிடத்தில் கை கூப்புகிறவர்கள் சந்தா என்ற சொல்லைப் பார்த்ததும் மௌன விரதம் தொடங்கிவிடுகிறார்கள். நிலுவைப் பட்டியலைப் பெயரோடு அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று செயற்குழுவில் ஒரு யோசனை வந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். அதாவது, இந்த ஆண்டு வேண்டாம் என்றேன்.

வரவு செலவு: வரவு போன ஆண்டை விடச் சற்றுக் குறைவு, செலவு சற்று அதிகம், இடைவெளி கையிருப்பிலிருந்து சரிக்கட்டப்பட்டது. தணிக்கையாளர் கையெழுத்திட்டுவிட்டார். விவரங்கள் பொருளாளரிடம் உள்ளன. 'பல்வகைச் செலவு' ஏன் இவ்வளவு என்று கேட்பவர்களுக்கு, அது பல வகைப்பட்டது என்பதே இப்போதைக்குப் பதில்.

இடம் கொடுத்தவர்களுக்கும், நன்கொடையாளர்களுக்கும், தொண்டாசிரியர்களுக்கும், தலைவர், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும் நன்றி. யாராவது விடுபட்டிருந்தால் அவர்களுக்கும்.

அடுத்த ஆண்டு பற்றி. என் பதவிக்காலம் முடிகிறது. தொடர வேண்டும் என்று எனக்கு ஆசை ஒன்றும் இல்லை, வீட்டிலும் அதே கருத்துதான். வேறு யாரேனும் முன்வந்தால் சாவி, முத்திரை, கூட்டக் குறிப்பேடு எல்லாவற்றையும் அன்றைக்கே ஒப்படைப்பேன். ஒரே வேண்டுகோள், மன்றத்தை நிறுத்திவிட்டுப் பழையபடி பேச்சாளர்களைக் கூப்பிட ஆரம்பித்துவிடாதீர்கள். யாரும் முன்வராவிட்டால், அதைப் பொதுக்குழுதான் யோசிக்க வேண்டும். புதிய வழிகாட்டிப் படிவத்தில் 'குறைந்தது ஓராண்டு' என்ற வரியைச் சேர்த்திருக்கிறோம். அதன் கீழே கையெழுத்திடத் தயக்கமாக இருந்தால் தயவுசெய்து கையெழுத்திட வேண்டாம்.

18 வயது நிறைந்த மன்றப் பிரதிநிதி ஒருவருக்குச் செயற்குழுவில் வாக்குரிமையோடு இடம் தர வேண்டும் என்று மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். தீர்மானம் அவர்கள் எழுதியது, நான் ஒரு எழுத்தும் திருத்தவில்லை. விதித் திருத்தம் என்பதால் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு தேவை, அதற்கு முதலில் கோரம் தேவை. சந்தா பாக்கி உள்ளவர்களுக்கு வாக்கு இல்லை என்பது நம் பழைய விதி, நான் கொண்டுவந்தது அல்ல. பொதுக்குழு அன்று பொருளாளர் ரசீதுப் புத்தகத்தோடு வாசலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்