நாற்பது பக்க நோட்டு

சாத்தூர்
9.2.2025

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலம் அறிய ஆவல். வாட்ஸ்அப்பில் நீ போடுகிற கட்டைவிரலைப் பார்த்து நலம் என்று நாங்களே எடுத்துக்கொள்கிறோம். பொங்கல் முடிந்து உன்னை நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற்றிவிட்ட நாளிலிருந்து நீ போன் பேசியது மூன்று தடவை. இரண்டு தடவை அம்மாவிடம், ஒரு தடவை என்னிடம். என்னிடம் பேசியது நான்கு நிமிஷம். கணக்குப்பிள்ளை புத்தி, எண்ணாமல் இருக்க முடியவில்லை. தப்பாக நினைக்காதே.

சமூகப் பணிப் படிப்புக்காக ஃபீல்டு ஒர்க் போகிற இரண்டு நாளும் குடை எடுத்துக்கொண்டு போ. தெரியாத தெருவுக்குத் தனியாகப் போகாதே, கூடப் படிக்கிற பிள்ளை யாரையாவது சேர்த்துக்கொள். ஆறு மணிக்குள் ஹாஸ்டலுக்கு வந்துவிடு. போகிற வீட்டில் தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிடு. வேண்டாம் என்றால் அவர்கள் அதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், எதை எழுதினாலும் யோசித்து எழுது. பேசினது காற்றோடு போய்விடும், எழுதினது நிற்கும்.

ஊரில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. தீப்பெட்டி 2 ரூபாய் ஆகி மூன்று வருஷம் ஓடிவிட்டது, ஆனாலும் நம் பக்கத்தில் தீப்பெட்டி செய்கிற இரண்டு ஆபீஸைப் பூட்டிவிட்டார்கள். லைட்டர் வந்து கெடுத்தது என்கிறார்கள். திறந்திருக்கிற ஆபீஸில் வயதான பெண்கள்தான் வேலைக்கு வருகிறார்கள். அக்கா மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை, ராத்திரி பதினொரு மணி வரை லைட் எரிகிறது. வீட்டுப் பத்திரம் விஷயம் அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி நீ யோசிக்காதே.

போன வாரம் கோவில்பட்டி கல்யாணத்தில் பெரியப்பா பந்தியில் வைத்துக் கேட்டார். “ஊருக்கு உபகாரம் பண்றதுக்கு எதுக்குடா டிகிரி? எம்.ஜி.ஆர். என்ன எம்.எஸ்.டபிள்யூ. படிச்சாரா?” பக்கத்தில் நாலு பேர் சிரித்தார்கள். நீ சொல்லித் தந்ததை எல்லாம் நான் சொன்னேன். நீ படிக்கிற சென்னைக் காலேஜை 1952-லேயே மேரி கிளப்வாலா ஜாதவ் என்கிற அம்மா ஆரம்பித்தார், தானம் கொடுப்பது வேறு இது வேறு, ஒருத்தர் கஷ்டத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்பதற்கே தனிப் பாடம் இருக்கிறது என்று. பெரியப்பா பாயசத்துக்கு அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார். போகட்டும். எனக்குப் பேசும்போது தொண்டை கட்டிக்கொண்டது, அது உனக்குத் தெரிய வேண்டும்.

ஆனாலும் நீ எச்.ஆர். எடுத்திருக்கலாம். ஐந்நூறு பேர் வேலை பார்க்கிற ஃபேக்டரியில் வெல்ஃபேர் ஆபீசர் வைத்தே ஆக வேண்டும் என்று 1948 சட்டத்திலேயே இருக்கிறது என்று மாமா எவ்வளவு சொன்னார். ஓசூரிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஏசி ரூமில் உட்கார்ந்திருக்கலாம். யாரையும் கேட்காமல் சமுதாய மேம்பாடு என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாய். ஒரு மாதம் உன்னோடு சரியாகப் பேசாமல் இருந்தேன். இப்போது நீ என்னோடு பேசவில்லை. கணக்கு சரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாமா?

தீபாவளிக்கு வந்திருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து ப்ராசஸ் ரெக்கார்டிங் எழுதிக்கொண்டிருந்தாயே, ஞாபகம் இருக்கிறதா? பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டிருந்தாய். அவர்கள் சொன்னது, நீ சொன்னது, அப்போது உனக்குள் என்ன தோன்றியது. மூன்றாவது கட்டத்தைச் சும்மா விட்டால் மேடம் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள் என்றாய். நான் முப்பத்தொரு வருஷம் பேரேடு எழுதினவன். பற்று உண்டு, வரவு உண்டு, மேற்படி உண்டு. அந்தக் கட்டம் மட்டும் எந்த நோட்டிலும் கிடையாது.

இன்னொன்றும் சொன்னாய். எதிரே உட்கார்ந்திருக்கிறவர் குடிகாரராக இருக்கட்டும், பிள்ளையை அடிக்கிறவராக இருக்கட்டும், குற்றவாளியைப் பார்க்கிற மாதிரி பார்க்கக் கூடாது, அதுதான் முதல் பாடம் என்று. நல்ல பாடம். அது வெளியாட்களுக்கு மட்டுமா, வீட்டு ஆட்களுக்கும் உண்டா என்று அப்போதே கேட்க நினைத்தேன்.

ராத்திரி லேட்டாகச் சாப்பிடாதே. ஆறு மணிக்குள் ஹாஸ்டலுக்கு வந்துவிடு.

சரி. அந்த நான்கு நிமிஷத்துக்கு வருகிறேன். “சின்ன வயசிலேயே தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன பொம்பளைங்களைப் பத்தித்தான்பா என் ஆய்வு. அப்போ ஆபீஸ்ல பிள்ளைங்க பேரை எப்படி எழுதுவீங்க?” என்று கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பிள்ளைகள் பேரை எழுத மாட்டோம், தாயி. மஸ்டர் ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பெரியவர்கள் மட்டும்தான். பிள்ளைகள் அடுக்கின கட்டையை அம்மாக்காரி பேரில் சேர்த்து நாற்பது பக்க நோட்டில் எழுதுவேன். கட்டை என்பது குச்சி அடுக்குகிற மரச்சட்டம். கோடு கோடாகப் பள்ளம் வெட்டியிருக்கும், அதில் குச்சியை ஒவ்வொன்றாகப் பரப்ப வேண்டும். சின்ன விரல்களுக்கு அது ஓடும். அந்த நோட்டை இன்றைக்கு யார் பார்த்தாலும் சிரிப்பார்கள். ஒரு பெண் ஒரு நாளில் அத்தனை கட்டை அடுக்க வேண்டுமென்றால் அவளுக்கு ஆறு கை வேண்டும். பார்த்த ஒருத்தரும் கேட்கவில்லை. 1986-லேயே பதினான்கு வயதுக்குக் கீழே இந்தத் தொழிலில் வைக்கக் கூடாது என்று சட்டம் வந்துவிட்டது. அந்தச் சட்டத்தைத் தமிழில் அச்சடித்து ஆபீஸ் சுவரில் ஒட்டினவனும் நான்தான்.

அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினது அந்த வருஷம் மழை இல்லாததால், பாட்டி ஆஸ்பத்திரிச் செலவால் என்று சொல்லித்தான் உங்களை வளர்த்தேன். மழை இல்லாதது நிஜம். பாட்டி செலவும் நிஜம். நிறுத்தினது அதற்காக இல்லை. 1996 ஜூன் மாதம், ஆள் பற்றாத சமயம். முதலாளி கூப்பிட்டு, “கணக்குப்பிள்ளை மகளே வருதுன்னா தெருவில மத்தவங்க யோசிக்க மாட்டாங்கய்யா” என்றார். சம்பளத்தில் 150 ரூபாய் கூட்டித் தருகிறேன் என்றார். நான் ஒரு ராத்திரிகூட யோசிக்கவில்லை. மறுநாள் விடிகாலை ஆபீஸ் வண்டியில் அக்காவை ஏற்றினேன். அந்த வாரத்துக்குள் நம் தெருவிலிருந்து இன்னும் ஆறு பிள்ளைகள் ஏறின. உன் அம்மா அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காமல் சோறு போட ஆரம்பித்தவள். அது ஏன் என்று நீயும் அண்ணனும் கேட்டதில்லை, நல்லதாகப் போயிற்று.

அந்த வருஷம் டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. பிள்ளையை வேலைக்கு வைத்தால் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தத் தொகை தெருவில் எல்லோருக்கும் மனப்பாடம். பிள்ளைகளை ஆபீஸிலிருந்து அனுப்பிவிட்டோம், பின்னாலேயே வேலையையும் வீட்டுக்கு அனுப்பினோம். வீட்டுக்குள் குடும்பத்தோடு செய்தால் சட்டம் பிடிக்காது என்று வக்கீல் சொல்லியிருந்தார். அக்கா திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டினாள்.

அடுத்த வருஷம் வேலைக்குப் போகிற பிள்ளைகளைக் கணக்கெடுக்க வந்தார்கள். நம் வீட்டுக்கு வந்தது ஒரு பெண், உன் வயதுதான் இருக்கும். காட்டன் சேலை, தோளில் ரெக்ஸின் பை, செருப்பெல்லாம் கரிசல் மண். அம்மா கொடுத்த தண்ணீரை முழுக்கக் குடித்தாள். “அண்ணே, பாப்பா ஸ்கூலுக்குப் போகுதா?” என்றாள். போகிறாள், இரண்டு நாளாகக் காய்ச்சல், நாளைக்குப் போய்விடுவாள் என்றேன். அக்கா கதவோரம் நின்றிருந்தாள். விரல் இடுக்கில் மைதாப் பசை காய்ந்து வெள்ளை வெள்ளையாகத் தோல் மாதிரி உரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் அக்கா கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், குனிந்து நான் சொன்னதையே எழுதிக்கொண்டாள். நிஜத்தைச் சொல்லியிருந்தால் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று இருந்த தனிப் பள்ளியில் சேர்த்திருப்பார்கள். மத்தியானச் சாப்பாடு, மாதம் 100 ரூபாய். நான் முதலாளியின் உப்பைத்தான் நினைத்தேன். அன்றைக்கு ராத்திரி அந்தப் பெண் மூன்றாவது கட்டத்தில் என்ன எழுதினாளோ, இத்தனை வருஷம் கழித்து நீ கோடு போட்டபோதுதான் அது எனக்கு உறைத்தது.

உனக்குக் கட்டின முதல் ஃபீஸ் அக்கா சீட்டுப் பணம். தெரியும் உனக்கு. ஆனாலும் எழுதுகிறேன், எழுத்தில் இருக்கட்டும்.

பரணில் அந்த நோட்டுகளில் ஒன்று மட்டும் கரையான் அரிக்காமல் கிடந்தது. பழைய காலண்டர் தாளில் சுற்றி இந்தப் பார்சலில் வைத்திருக்கிறேன், மேலே காராச்சேவு இருக்கிறது. உனக்கு வேண்டுமானால் வைத்துக்கொள். பேர் எதையும் வெளியே போட மாட்டாய் என்று தெரியும், ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் எழுதாதே. என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது. யோசித்து எழுது என்று மேலே சொன்னேனே, அது எனக்காகச் சொன்னது, அதை விட்டுவிடு.

ஏழாவது பக்கத்தைப் பார். மேலிருந்து நாலாவது வரியில் அம்மா பேர் இருக்கும். சனிக்கிழமை வரைக்கும் ஒரு நாள் விடாமல் கட்டைக் கணக்கு ஏறியிருக்கும். உன் அம்மா அந்த ஆபீஸ் வாசலை ஒரு நாளும் மிதித்ததில்லை.

அப்பா