கொம்பனித்தெருவில் காலியான படைமுகாம் காணியில் வீட்டுத் திட்டம்: தோட்டவாசிகளின் கோரிக்கை மனு

தலைவர் அவர்கள்,
நகர அபிவிருத்தி அதிகார சபை,
செத்சிறிபாய, பத்தரமுல்லை.

பிரதேச செயலாளர் ஊடாக.

மதிப்புக்குரிய ஐயா,

விடயம்: முகாம் காணியில் வீட்டுத் திட்டம் வரையுமுன் எங்கள் தோட்டத்துக் குடும்பங்களைச் சரியாகக் கணக்கெடுத்து, அந்தக் காணியிலேயே இடம் ஒதுக்கித் தருமாறு கோரல்

நாங்கள் கொழும்பு 2, கொம்பனித்தெருவில், படையினர் விட்டுப்போன முகாமின் பின்மதிலை ஒட்டிய தோட்டத்தில், அதாவது சின்ன வீடுகள் நெருக்கமாக நிற்கும் குடியிருப்பில், இருப்பவர்கள். தமிழர், மலாயர், முஸ்லிம்கள், சிங்களவர் என்று எல்லோரும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிக்கிறோம். மனுவை எழுதுகிறவள் நான். கையெழுத்து வைத்தவர்கள், நான் இதை முழுக்க வாசித்துக் காட்டிய பிறகுதான் வைத்தார்கள். இரண்டு இடத்தில் திருத்தவும் சொன்னார்கள்.

காணியில் தொடர்மாடி வரப்போகிறது, எங்களுக்கும் அதில் வீடு கிடைக்கும் என்று கேள்விப்பட்டதில் சந்தோஷம்தான். மழைக்காலத்தில் வாளி வைத்துத் தூங்குகிறவர்கள் நாங்கள். நல்ல வீடு வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் திட்டத்தின் முதல் படியே பிழைத்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

போன மாதம் கணக்கெடுக்க இரண்டு தம்பிமார் வந்தார்கள். ஒவ்வொரு கதவிலும் சிவப்புப் பெயின்டால் ஓர் எண்ணை எழுதிவிட்டுப் போனார்கள். எங்கள் முடுக்கில் ஏழு கதவு, அதனால் ஏழு எண். எரிகிற அடுப்போ பதினொன்று. என் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். முன் அறையில் நானும் கணவரும். பலகை ஏணியில் ஏறிப்போகும் மேல்தட்டில் மூத்த மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள். பின் தாழ்வாரத்தில் புருஷனை இழந்த என் நாத்தனாரும் மகளும். மூன்று குடும்பம், மூன்று அடுப்பு, மூன்று உலை. எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்த எண் 17. மேல்தட்டைக் காட்டி மகன் கேட்டதற்கு, “அங்கே ஏணிதானே இருக்கிறது, கதவு இல்லையே” என்றார் ஒரு தம்பி. சரி, உண்மைதான். ஏணியில் எங்கே எண் எழுதுவது?

இந்தக் கணக்கின்படி ஒரு கதவுக்கு ஒரு வீடு என்று கொடுத்தால், நாங்கள் எட்டுப் பேரும் ஓர் இரண்டறை வீட்டுக்குள் போக வேண்டும். இப்போதாவது ஏணி இருக்கிறது, மேலே ஒரு பலகையைக் கூட்டி அடிக்கலாம். கொங்கிரீட் கூரைக்கு மேல் எதை அடிப்பது? ஆகவே கதவை விட்டுவிட்டு அடுப்பை எண்ணச் சொல்லுங்கள். கிராம சேவையாளரிடம் குடும்பப் பட்டியல் இருக்கிறது, வாக்காளர் இடாப்பும் இருக்கிறது. இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, எல்லோரும் வேலை முடிந்து வீடு திரும்பும் இரவு எட்டு மணிக்கு வந்தால் ஒரே நாளில் கணக்கு முடிந்துவிடும்.

எங்களுக்கு எதற்கு இந்தக் காணியே வேண்டும் என்று கேட்கலாம். கொம்பனித்தெருவே படையோடு வளர்ந்த ஊர். இலங்கை ரைபிள் படையணியில் இருந்த மலாய்ச் சிப்பாய்கள் இங்கேதான் குடியிருந்தார்கள். 1873இல் படையணியைக் கலைத்த பிறகும் அவர்களுடைய குடும்பங்கள் இந்தப் பக்கத்தை விட்டுப் போகவில்லை. ரைபிள் வீதி, மலே வீதி என்ற பெயர்களெல்லாம் அந்தக் காலத்து மிச்சம். எங்கள் தோட்டத்து மலாய்ப் பாட்டி ஒருவர் தன்னுடைய பூட்டனார் சிப்பாய் என்று இன்றைக்கும் சொல்வார். படை போன பின் மனிதர் தங்கியது இங்கே புதுக்கதை இல்லை, ஐயா.

காலி முகத்திடலில் இராணுவத் தலைமையகம் இருந்த காணி என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். 2017இல் அங்கே ஹோட்டல் திறந்தார்கள், பக்கத்தில் பணக்காரர் வாங்கும் மாடி வீடுகளும் கடைத்தொகுதியும் எழுந்தன. நாட்டுக்கு வருமானம் வந்திருக்கும், அதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. எச்சலன் சதுக்கத்தில் அங்கிருந்த பழைய படை பராக்ஸின் பெயர் மட்டும் மிஞ்சியிருக்கிறது, நிற்பது உலக வர்த்தக மையம். இந்த ஒரு காணியாவது பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு முதலில் போகட்டும் என்றுதான் கேட்கிறோம்.

இன்னொன்று, வரைபடத்தை எங்களோடு இருந்து வரையுங்கள். ரணசிங்க பிரேமதாச அவர்கள் பிரதமராக இருந்தபோது, 1984இல் பத்து இலட்சம் வீட்டுத் திட்டம் வந்தது. அப்போது கொழும்பின் பல தோட்டங்களில் அதிகாரிகள் பாய் விரித்து மக்களோடு உட்கார்ந்து பேசினார்கள். 2 பேர்ச்சஸ் காணித் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, பாதைக்கு யார் எவ்வளவு விடுவது என்பதையெல்லாம் ஆட்களே நின்று தீர்த்தார்கள். மாடி வீட்டில் துண்டு பிரிக்க முடியாதுதான். ஆனாலும் பேசித் தீர்க்க எவ்வளவோ இருக்கிறது.

என் தொழிலைச் சொல்கிறேன். விடியற்காலை மூன்றரைக்கு எழுந்து இடியப்பம் அவிக்கிறேன். ஐந்தரைக்குள் தட்டுகளைத் துணியால் மூடி, மகனின் த்ரீவீலரில் ஏற்றி மூன்று கடைகளுக்கு அனுப்ப வேண்டும். கொஞ்சம் பிந்தினாலும் கடைக்காரர் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார். பன்னிரண்டாம் மாடியில் எங்களைக் குடியேற்றி, அன்றைக்கு லிப்ட் வேலை செய்யாவிட்டால், அவ்வளவு தட்டையும் யார் இறக்குவது? எங்கள் முடுக்கில் தையல் இருக்கிறது, அச்சாறு இருக்கிறது, பழைய இரும்பு வாங்கி விற்கிறவரும் இருக்கிறார். வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்களுக்கும் முதியவர்களுக்கும் கீழ்த்தளங்களை ஒதுக்குங்கள். நிலத்தோடு ஒரு பொதுச் சமையல் கொட்டகையும் சில சின்னக் கடைகளும் வையுங்கள். அந்தக் கடை வாடகையை லிப்ட் திருத்தும் நிதியில் போட்டால், பராமரிப்புக் காசு கட்ட முடியாத வீடுகளின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்காது.

லிப்ட் நீளமாகவும் இருக்க வேண்டும். வேறொரு தொடர்மாடிக்குக் குடிபோன எங்கள் பக்கத்து வீட்டு நானா மௌத்தானபோது, மையித்தைத் தூக்கிப்போகும் சந்தூக் பெட்டி லிப்டுக்குள் நுழையவில்லை. ஒன்பது மாடிப் படியிலும் தோளில் சுமந்து இறக்கினார்கள், திருப்பத்துக்குத் திருப்பம் சாய்த்துப் பிடித்து. கூடப் போன என் கணவர் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீட்டு இலக்கத்தைக் குலுக்கிப் போட்டுக் கொடுக்காமல், முடுக்கு முடுக்காகப் பக்கத்தில் பக்கத்தில் தந்தால் உதவியாக இருக்கும். நான் சந்தைக்குப் போனால் என் பேத்தியைப் பார்த்துக்கொள்வது எதிர்வீட்டு சிங்கள அக்காதான்.

மண்ணையும் பரிசோதிக்க வேண்டும். மதிலுக்கு அந்தப் பக்கம் வாகனத் திருத்துமிடம் இருந்தது. பெருமழை பெய்தால் எங்கள் கானில் இன்றும் எண்ணெய்ப் படலம் வானவில் நிறத்தில் மிதக்கிறது. 2016 ஜூன் 5ஆம் திகதி கொஸ்கம சாலாவ முகாமின் ஆயுதக் களஞ்சியம் வெடித்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் நாங்கள். நிலத்துக்கடியில் எதுவும் இல்லை என்று உரியவர்கள் தேடிப் பார்த்து எழுத்தில் தந்த பிறகு அத்திவாரம் வெட்டச் சொல்லுங்கள். பழைய அஸ்பெஸ்டஸ் கூரைகளை உடைத்துத் தூளாக்காமல் முழுசாகக் கழற்றி எடுக்கவும் சொல்லுங்கள்.

கடைசியாக, எங்களிடம் தரும் படிவமும் ஒப்பந்தமும் தமிழிலும் இருக்கட்டும். 1987இலேயே தமிழும் அரச கரும மொழி ஆகிவிட்டது. புரியாத தாளில் கையெழுத்து வைக்க இனி ஆளில்லை.

எங்கள் பிள்ளைகள் கையால் வரைந்த தோட்டப் படத்தை இணைத்துள்ளோம். அதில் கதவு நீலம், அடுப்பு சிவப்பு. தங்கள் அதிகாரிகள் எந்த நாளும் வரலாம், ஐந்தரைக்கு முன் வந்தால் இடியப்பமும் உண்டு. வரும் நாளை இரண்டு நாள் முன்கூட்டி அறிவித்தால், த்ரீவீலர் ஓட்டுகிறவர்களும் வீட்டில் நிற்பார்கள்.

இப்படிக்கு,
தோட்டவாசிகள்,
கொம்பனித்தெரு, கொழும்பு 2.

இணைப்பு: தோட்டத்தின் படம், அடுப்புவாரியாகக் குடும்பப் பட்டியல், கையெழுத்துத் தாள்கள்.
பிரதி: கிராம சேவையாளர்.