அப்பாவுக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்பு உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

அப்பாவின் உணவுக்குழாயில் வந்த புற்றுநோய்க் கட்டி சிகிச்சையால் நன்றாகச் சுருங்கியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னதை நேற்றே உங்களுக்குத் தெரிவித்துவிட்டேன். நடந்தவற்றை நீங்கள் அறிவீர்கள் என்பதால் இங்கே நன்றியை மட்டும் எழுதுகிறேன்.

உணவுக்குழாய்ப் புற்றுநோய்களில் நூற்றுக்கு ஓரிரண்டே, செல்கள் மிகச் சிறியவையாகத் தெரியும் சிறுசெல் வகையைச் சேர்ந்தவை. அப்பாவுக்கு வந்தது அதுதான். எண்டோஸ்கோபியில் எடுத்த துளித் திசுவில் இந்த வகையை அடையாளம் காட்ட உதவும் சினாப்டோஃபிசின், குரோமோகிரானின் முதலிய புரதங்களையும் தேடிப் பார்த்து, முகம் தெரியாத ஆய்வகத்தார் அதை உறுதிசெய்தார்கள். விரைவில் பரவும் இந்த வகைக்கு ஏற்றபடி, அறுவைக் கத்தியை எடுக்காமல் சிஸ்பிளாட்டின், எட்டோபோசைட் என்னும் புற்றுநோய் மருந்துகளோடு சிகிச்சை தொடங்கியது அவர்களால்தான்.

ஆனால் மருந்தைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். அப்பாவுக்கோ தண்ணீரே இறங்கவில்லை. பினாங்கு ஜார்ஜ்டவுனில் நாசி கண்டார் என்னும் சோறு-குழம்புக் கடை நடத்தும் பாய் ஒருவரிடம், வெறும் சோறு வடித்த கஞ்சி கிடைக்குமா என்று தயங்கியபடி கேட்டேன். யாருக்கு, என்ன நோய் என்று விசாரித்தவர், நோன்புக் கஞ்சி காய்ச்சிப் பழகிய கையால் அரிசியையும் பாசிப்பருப்பையும் குழைய வேகவைத்து, மிளகும் மிளகாயும் இல்லாமல் மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டினார். கரண்டியிலிருந்து ஊற்றிப் பார்த்து, இழை அறுந்து சொட்டினால் மறுபடியும் வடிகட்டுவார். எண்ணெய் போல ஒரே ஒழுக்காக விழுந்தால்தான் ஃபிளாஸ்கை நீட்டச் சொல்வார். கூடவே கொடுத்த கதிர்வீச்சுச் சிகிச்சையால் உணவுக்குழாய் புண்ணானபோது உப்பைக் குறைத்து ஆறவைத்துத் தந்தார். கிருமிகளை எதிர்க்கும் இரத்த வெள்ளையணுக்கள் அப்பாவுக்குக் குறைந்திருக்கின்றன என்று நான் சொன்ன நாள்முதல், காலையில் காய்ச்சியதை மாலைக்குத் தரவே மாட்டார். மாலைக்குப் புதிதாக உலை வைப்பார். "எத்தனை மடக்கு இறங்கிச்சு தம்பி?" என்று அவர் கேட்பதற்காகவே அப்பா இன்னும் இரண்டு மடக்கு குடித்த நாள்கள் உண்டு. அப்பாவின் எடை மேலும் சரியாமல் நின்றதில் அந்தக் கஞ்சிக்குப் பெரும் பங்கு உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

பட்டர்வொர்த்திலிருந்து பெரி படகு ஏறி வந்து இரவில் காவலிருந்த மாமாக்கள், இரத்தம் கொடுத்த இளைஞர்கள், ஊசி போட நரம்பு தேடும்போதெல்லாம் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்த தாதியர், தண்ணீர்மலை முருகன் கோயிலில் வேண்டிக்கொண்டவர்கள் அனைவருக்கும் என் குடும்பத்தின் நன்றி.

கஞ்சி காய்ச்சும் பக்குவத்தைப் பாயிடம் கற்றுக்கொண்டேன். விழுங்க முடியாமல் தவிக்கும் நோயாளி உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள். காய்ச்சி எடுத்துவந்து தருகிறேன்.