ரூர் ஆற்றங்கரைச் சுரங்கம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பள்ளியில் சேர்ந்ததும், உன் முழங்கால் வலி தணிந்திருப்பதும் அறிந்து மகிழ்ந்தேன். எனக்குக் குறையொன்றும் இல்லை. இங்கே ஜெர்மனியில், டோர்ட்முண்டில் குளிர் விட்டதால் மறுபடியும் வெளியே நடமாடுகிறேன். நெய்வேலியில் பணிக்காலம் முழுவதும் நிலத்தடி நீரை இறைப்பதிலேயே கழித்தவன் நீ. ஆகவே விட்டன் நகருக்கு அருகே, முட்டென்டால் பள்ளத்தாக்கில் உள்ள நாஹ்டிகால் என்ற பழைய நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. அது செழித்ததும் மூடப்பட்டதும் தண்ணீரை ஒட்டித்தான்.

பன்றி மேய்த்த சிறுவன் ஒருவன் குளிருக்குத் தீ மூட்டினான் என்றும், மறுநாள் காலையிலும் அடியிலிருந்த கருப்பு நிறக் கற்கள் கனன்றுகொண்டிருந்தன என்றும் அங்கே கதை சொல்கிறார்கள். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரூர் ஆற்றின் தென்கரையில் நிலக்கரி அடுக்குகள் மலைச்சரிவில் வெளியே தெரியுமளவுக்கு மேலேறி வந்திருப்பதால், மண்ணைக் கிளறிய எவர் கண்ணிலும் அது பட்டிருக்கும். நாஹ்டிகால் என்ற பெயர் 1714-இல் ஆவணத்தில் வருகிறது. தொடக்கத்தில் வெறும் குழிகள்தாம். நீர் ஊறியதும் கைவிட்டு அடுத்த குழியைத் தோண்டினார்கள். பிறகு மலையடிவாரத்திலிருந்து சற்றே மேல்நோக்கிய சரிவில் குடைந்து, நீர் தானாகவே ஆற்றுக்கு வடியும்படி செய்தார்கள். பிறருடைய சுரங்கங்களின் நீரையும் வடியச் செய்யும் பாதையை வெட்டியவருக்கு, அவற்றில் கிடைக்கும் கரியில் ஒன்பதில் ஒரு பங்கு உரிமை உண்டு என்பது அன்றைய வழக்கம். நீரை வெளியேற்றுவதற்கு இருந்த மதிப்பை நான் உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

1766-இல், அன்று இப்பகுதியை ஆண்ட பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரீட்ரிஷ் காலத்துச் சுரங்கச் சட்டம் வந்தபின், எங்கே வெட்டுவது, என்ன கூலி, என்ன விலை என்பதையெல்லாம் அரசு அதிகாரிகளே தீர்மானித்தார்கள். உரிமையாளர்கள் வெறும் பங்குதாரர்களாகிப் போனார்கள். 1780-இல் மதகுகள் கட்டி ரூர் ஆற்றில் படகுப் போக்குவரத்துக்கு வழி செய்தது அதே அரசுதான் என்பதையும் சொல்லவேண்டும். தட்டையான மரப்படகுகள் கரியோடு ரைன் நதியை நோக்கி இறங்கின. திரும்பும்போது கரையோரமாகக் குதிரைகள் அவற்றை இழுத்து வந்தன.

ஆற்று மட்டத்துக்கு மேலிருந்த கரி குறைந்துகொண்டே வந்தபோதுதான் உண்மையான சிக்கல் தொடங்கியது. அதற்குக் கீழே போனால் நீர் தானாக வடியாது. 1832-இல் ஆழத்தில் வெட்ட அனுமதி பெற்று, நெப்டூன் என்ற செங்குத்துக் குழியையும், 1839-இல் ஹெர்குலஸ் என்ற குழியையும் தோண்டத் தொடங்கி, நீராவி எஞ்சின்களால் நீரை இறைத்தார்கள். ஹெர்குலஸ் காலப்போக்கில் ஏறத்தாழ 450 மீட்டர் ஆழம் வரை சென்றது. நூற்றுக்கணக்கானோர் அங்கே வேலை செய்தார்கள். அதே பள்ளத்தாக்கில் 1830-இல் கட்டப்பட்ட ஒரு ஜெபவீடு இன்றும் நிற்கிறது. சுரங்கத் தொழிலாளர்கள் வேலைக்கு இறங்குமுன் அங்கே கூடி ஜெபிப்பார்கள். யார் வந்தார், யார் வரவில்லை என்ற கணக்கும் அங்கேயே முடிந்துவிடும். கீழ்த்தளத்தில் அவர்களுடைய கருவிகளைத் தீட்டும் கொல்லன் பட்டறை. பக்தியையும் வருகைப் பதிவேட்டையும் ஒரே கூரைக்கீழ் வைத்த அந்த நிர்வாகத்தின் சாமர்த்தியத்தை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

ஆழம் கூடக் கூட ஊற்றும் கூடியது, இறைக்கும் செலவும் ஏறியது. வடக்கே பெரிய சுரங்கங்கள் வளர்ந்துவிட்ட நிலையில் தாக்குப்பிடிக்க முடியாமல் 1892-இல் மூடினார்கள். பின்னர் அந்த இடம் செங்கல் சூளையாகி, 1963 வரை இயங்கியது. இப்போது அருங்காட்சியகம். தலைக்கவசம் அணிந்து, முதுகை வளைத்துக்கொண்டு உள்ளே போனால், மணற்பாறைக்கு நடுவே கரி அடுக்கு சாய்ந்து இறங்குவதைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். ஈரமாக, விரலில் ஒட்டுகிறது.

2018 டிசம்பரில் பொட்ராப் நகரில் ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. ஆனால் பம்புகளை நிறுத்த முடியவில்லை. நிறுத்தினால் பழைய சுரங்கங்களின் உப்புநீர் மேலேறிக் குடிநீரில் கலந்துவிடும். எவ்வளவு உயரம் வரை நீரை ஏறவிடலாம் என்று இங்கே இன்னும் விவாதிக்கிறார்கள். நெய்வேலியில் நீர்மட்டத்தைக் கண்காணிக்க நீங்கள் எந்த முறையைக் கையாண்டீர்கள் என்பதை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுது.

அன்புடன்,
உன் நண்பன்,
இராமநாதன்